இடப்பக்கம், மேல்தாடை

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிறர் வாய்க்குள் இல்லை.
வாரம் ஆறு நாள் சாட்ஸ்வொர்த்தில்
மெழுகிலும் அக்ரிலிக்கிலும் பல்செட் செய்கிறவள்
இன்று மட்டுபட்டுபாவுக்கு அப்பால்
கரும்பு லாரி புழுதி கிளப்பும் பாதையோரம்
வெட்டுண்ட மேட்டின் முன் முழந்தாளிட்டிருக்கிறேன்.
கடல் இங்கிருந்து பல மைல்.
ஆனால் பாறை முழுக்கச் சிப்பி,
யாரோ விருந்துண்டு
இலையை மடிக்காமல் எழுந்து போனதுபோல.

பல்லைத் தேடாதே, பளபளப்பைத் தேடு
என்கிறாள் எக்ஸ்ரே எடுக்கும் நொகுத்துலா.
கல் வெயிலை விழுங்கும்,
எனாமல் திருப்பித் துப்பும்.
முதல் ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தவை:
ஒரு நண்டு விரல்,
முக்கோணமாய் உடைந்த சிப்பிச் சில்லு நான்கு
(ஆசைப்பட்ட கண்ணுக்கு எல்லாமே முக்கோணம்),
பீர் பாட்டிலின் பழுப்புக் கண்ணாடி.

பிறகு அது.
நகத்தளவு தலைகாட்டியது,
நனைந்த எருமைத் தோலின் நிறத்தில்.
தூரிகையால் தட்டத் தட்ட
கவட்டையாய் வேர் வந்தது.
ஒரு முகம் தட்டை, உதட்டுப் பக்கம்.
மறுமுகம் உப்பல், நாக்குப் பக்கம்.
அகலம் பார்த்தால் மேல்தாடை.
நுனி சாய்வது வாய்க்கோடியை நோக்கி.
"இடப்பக்கம்" என்றேன்,
நோயாளி எதிரே உட்கார்ந்திருப்பதுபோல்
என் வலத்தை அதன் இடமாகத் திருப்பி.

விளிம்பில் நகத்தை ஓட்டினேன். வழுக்கியது.
"மாக்கோ."
அவள் லென்ஸை வைத்துக் குப்புறப் படுத்தாள்.
"அடியில் பார், ரம்பத்தின் மிச்சம் மூன்று.
மற்றதை மணல் தின்றுவிட்டது. வெள்ளைச் சுறா."
"அது உடைசல்."
"அது வரிசை."
உடைசலுக்கும் வரிசைக்கும் நடுவே
நாற்பது நிமிடம் போயிற்று.
குடிதண்ணீரும் போயிற்று.

பல் போனால் சொல் போச்சு என்போம் நாங்கள்.
இந்த மீனுக்கு நேர்மாறு.
உடம்பெல்லாம் குருத்தெலும்பு, கரைந்து போயிற்று;
போன பல்தான் இன்று அதன் ஒரே சொல்.
அந்தச் சொல்லும் சாவைச் சொல்லவில்லை.
கடித்ததில் ஒன்று கழன்று விழ,
பின்வரிசையிலிருந்து ஒன்று முன்னே வர,
மீன் பாட்டுக்கு நீந்திப் போயிருக்கும்.
என் விரல் பட்டது பிணத்தில் அல்ல,
ஏதோ ஒரு நாளின் மதியச் சாப்பாட்டில்.

சோலைமலை படையாச்சி நினைவுக்கு வந்தார்.
புதுப் பல்செட்டைக் கண்ணாடியில் பார்த்து,
"முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருந்ததே,
அது எங்கே?" என்று கேட்டவர்.
பழைய போட்டோ ஒன்றை வாங்கிப் பார்த்து
அரத்தால் அரை மில்லிமீட்டர் இல்லாமை செய்து கொடுத்தேன்.
சிரித்தார்.
"இப்பதான் நீங்க" என்றாள் மனைவி.

அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாது.
அளவுகோல் வைத்துப் படம் பிடித்தோம்,
தெரிந்த மட்டும் முப்பத்தொன்பது மில்லிமீட்டர்.
மியூசியத்துக்கு அனுப்பும் தாளில்
பெயர் என்ற கட்டத்தில்
அவள் எழுதியதை நான் அடித்தேன்,
நான் எழுதியதை அவள் அடித்தாள்,
மிச்ச இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் கொண்டது.
மண்ணை அதன் மேலேயே தள்ளிவிட்டு எழுந்தோம்.
முழங்காலில் சிப்பி அச்சு.

திரும்பும் வழியில் அவள் தூங்கிவிட்டாள்.
கரும்பு லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கையில்
என் நாக்கு தானாகப் போய்
பதினாறு வயதில் பிடுங்கிய கடைவாய்ப் பல்லின்
பள்ளத்தைத் தடவியது.
கீழ்த்தாடை, வலப்பக்கம்.
இதில் வாதமில்லை.