அறுபத்து மூன்று

குடியாத்தம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்,
நாலாம் கவுன்ட்டர் கம்பியில் ஒரு குடை.
அதற்குப் பின்னால் வேதநாயகம்.
"இப்ப எங்கம்மா இருக்கீங்க?"
உங்கள் எதிரில்தான் என்று சொல்லவில்லை.
"ஜெர்மனி சார். ஆஃபன்பாக்."
"அந்த அட்ரஸுக்கு ஏதாச்சும் ப்ரூஃப் குடுங்க."

வாடகைப் பத்திரம் அவர் பேரில்.
கரண்ட் பில் அவர் பேரில்.
தபால்பெட்டியில் ஒட்டியிருப்பதும் அவர் பேர்தான்,
அதிலும் ஓர் எழுத்துப் பிழை.
பேரணாம்பட்டிலிருந்து போன ஊறுகாய் ஜாடி மட்டும்
என் பேரில் இருக்கிறது.
ஏர்போர்ட்டில் மாறிவிடக் கூடாதென்று
தஸ்லீமா என அம்மா பெயின்டில் எழுதியது.

பையைத் துழாவினால்
பாஸ்போர்ட்டுக்கு அடியில் நாலாய் மடித்த தாள்.
ஐம்பதில் போகவேண்டிய சாலையில்
அறுபத்து மூன்றில் போனதற்கு
அந்த ஊர்க்காரர்கள் அனுப்பியது.
முதலில் காருக்குடைய அவருக்குத்தான் வந்தது.
"ஓட்டியது நானில்லை, என் மனைவி" என்று
பேனாவை அழுத்தி எழுதி அனுப்பினார்.
அடுத்த வாரம்
தெருப் பேர், கதவு எண் சகிதம்
எனக்கே எனக்கென்று ஒரு கடிதம்.

வேதநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்.
பாஷை புரியவில்லை. படம் புரிகிறது:
ஸ்டியரிங், முக்காடு, வாய்கொள்ளாச் சிரிப்பு.
"பக்கத்துல யாரு?"
"யாருமில்ல சார்."
பழைய லைசென்ஸில் விறைத்து நிற்கும்
பத்தொன்பது வயசுக்காரியை
ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.
"ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க."

எதிர்க்கடை மெஷினில் மை அதிகம்.
முகம் கறுத்துப்போய்விட்டது.
பல்வரிசையும் விலாசமும் மட்டும்
பளிச்சென்று விழுந்திருக்கின்றன.
வெயிலுக்கு அதையே விசிறிக்கொண்டு
வரிசையில் நிற்கிறேன்,
மறுபடி.