நாய் குரைத்து முடிக்கும் வரை

மக்வாலா அதைப் பகிர்ந்தது மார்ச் மாதம்.
என் கண்ணில் பட்டது ஜூனில்,
இடுப்பு அறுவைக்குப் பிறகு
மருத்துவமனைப் பெண் என் கைபேசியில் ஏற்றித் தந்த
உடற்பயிற்சிச் செயலியில்,
உங்கள் அருகில் இருப்பவர்கள் பகிர்ந்தவை என்ற இடத்தில்:

     ஒன்பதாம் மாடி வரை.
     நூற்று நாற்பத்து நான்கு படி.
     இரு கையிலும் ஐந்தைந்து லிட்டர் தண்ணீர்.
     ஐந்தாம் மாடியில்
     நாய் குரைத்து முடிக்கும் வரை ஓய்வு.

த்பிலீசியின் வடக்கு ஓரத்தில் எங்கள் கட்டடம்.
காசு போட்டால் ஏறுகிற லிஃப்ட்.
பிப்ரவரியில் யாரோ போட்ட இருபது தெத்ரியை
வாயில் அடக்கிக்கொண்டு
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது,
நின்றதுதான்.
மேல்மாடிக் குழாய்களும் அதோடு சேர்ந்துகொண்டன.
கூட்டம் போட்டோம். கையெழுத்துப் போட்டோம்.
யார் எவ்வளவு தருவது என்பதில்
ஏழாம் மாடி ஜெமாலும் இரண்டாம் மாடி சிசானாவும்
முகம் பார்ப்பதை விட்டார்கள்.
இரண்டாம் மாடிக்காரிக்கு லிஃப்ட் எதற்கு?
அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மக்வாலா கூட்டத்துக்கே வரவில்லை.
ரொட்டி அடுப்பில் இரவு வேலை முடித்து
காலை ஏழே காலுக்கு,
கீழ்க் குழாயில் கேன்களை நிரப்பிக்கொண்டு ஏறுவாள்.
எழுபத்திரண்டாம் படியில் என் கதவு.
கதவுக்குப் பின்னால் புர்த்தி.
எங்கள் மொழியில் பந்து என்று அர்த்தம்;
பந்து மாதிரி இருந்ததெல்லாம் குட்டியில்.
அவள் கேனை இறக்கி வைக்கும் சத்தம் அதற்கு ஆகாது.
குரைக்கும், குரைக்கும்,
நான் படுக்கையில் கிடந்தபடி திட்டுவேன்.
திட்டு நாய்க்கு.
தனக்கென்று எடுத்துக்கொள்கிறாளோ என்று
மாதக்கணக்காக எனக்குள் ஒரு முள்.

அவளோ அதைக் கணக்கில் சேர்த்திருக்கிறாள்.

சேமித்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
உருகுவேயில், மாடி வீடே அதிகமில்லாத ஊரில் ஒருவர்
தீவன வாளிகளோடு
கொட்டகை ஏணியில் பதினெட்டு முறை ஏறி இறங்குகிறாராம்.
துலிக்கி என்ற ஃபின்லாந்துப் பெண் கேட்டிருந்தாள்:
ஓய்வு எத்தனை விநாடி? என்னிடம் நாய் இல்லை.
மக்வாலாவின் பதில்:
நாற்பது. மழை நாளில் ஐம்பத்தைந்து.
தபால்காரர் உங்களுக்கு முன்னால் போயிருந்தால்
எண்ணவே வேண்டாம், உட்கார்ந்துவிடுங்கள்.

தையல் வலிக்கச் சிரித்தேன்.
புர்த்தி ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்தது.
அதன் பெயர் அங்கே எங்கும் இல்லை.
எழுதிச் சேர்க்கலாமா என்று விரலைக் கொண்டுபோய்
எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு
ஊன்றுகோலும் நானுமாக
ஒரு முக்காலியை வாசலுக்கு வெளியே தள்ளி வைத்தோம்.
அவள் வந்தாள். பார்த்தாள்.
இரண்டு கேன்களையும் அதன்மேல் உட்கார வைத்துவிட்டு
தான் நின்றாள்.
அன்று மாலையே பயிற்சியில் ஒரு திருத்தம்:
     ஐந்தாம் மாடியில் முக்காலி உண்டு.
     ஏமாறாதீர்கள்.

செப்டம்பரில் லிஃப்ட் ஓடத் தொடங்கியது.
பணம் யாருடையது என்று தெரியவில்லை;
கேட்டால் சிசானா பேச்சை மாற்றுகிறாள்.
ஏழே காலுக்கு புர்த்தி கதவருகே போய் நிற்கிறது.
இரும்புப் பெட்டி ஐந்தைக் கடக்கும் இரைச்சலுக்கு
ஒரே ஒரு குரைப்பு,
கேள்வி மாதிரி.
நேற்று மட்டும் பதினேழு பேர்
அந்தப் பயிற்சியை முடித்திருக்கிறார்கள்.
துலிக்கியும்.
யார் வீட்டுக் கதவின் முன்னால் நின்று
நாற்பது எண்ணுகிறாளோ.

எனக்கு மருத்துவர் தந்த அடுத்த கட்டம்:
கைப்பிடியோடு பத்துப் படி.
பதினொன்று ஏறினேன்.
புர்த்தி கூடவே வந்தது, வாயே திறக்கவில்லை.
ஓய்வு என்ற கட்டத்தில் என்ன போடுவது?
காலியாக விட்டு
சேமி என்பதை அழுத்தினேன்.