இருபத்து மூன்றாம் அத்தியாயம்

பகலில் பாட்பாரா சணல் ஆலையில் கணக்கு.
இரவில் கூலி ஏட்டின் பின்பக்கத்தில் நாவல்.
வாரம் ஓர் அத்தியாயம்,
கிரிஜாபூஷண் சோமுக்கு.

அந்த மழைக்காலத்தில்
படகோட்டி மதனைக் கொன்றார்,
நாலே வரியில்.

அச்சுக்கோக்கும் நிதாய்
சொட்டச் சொட்ட வந்து நின்றான்.
"எழுத்து தீர்ந்துபோச்சு, பாபு."
எது?
"ம."

சந்தையில் மீன்காரி
வயிறு கிழிந்த இலிஷை நிறுத்தாள்
முகம் பாராமல்.
மனைவி பருப்பில் உப்பை மறந்தாள்,
மறந்தாளோ என்னவோ.

அவர் ஒரு வரியும் திருத்தவில்லை.

இதழ் வந்தது.
பெயரின் முதலெழுத்து இருக்கவேண்டிய இடங்களில் வெறும் வெள்ளை.
'தன் ஆற்றோடு போனான்' என்றிருந்தது.

விளக்கை அருகே இழுத்து
அந்த இடைவெளியையே பார்த்திருந்தார்.
ஹூக்ளியில் சங்கு ஊதியது.
ஒரு படகு நுழையலாம்,
அவ்வளவு அகலம்.