பதினேழாம் திகதி

கடிதத்தில் 'விருந்தாளியாக வாருங்கள்' என்றிருந்தது.
ஒன்பது வருடமாய் மாதம் இருபது பிராங்
என் கணக்கிலிருந்து தானாகக் கழிந்து போகும் இடம்.
வரிப் படிவத்தில் ஒரு வரி.
அவ்வளவுதான் எனக்கும் அதற்கும்.

பீல் ரயில் நிலையத்தின் பின்புறம்
ஒருகாலத்தில் கடிகாரப் பட்டறையாய் இருந்த மஞ்சள் கட்டடம்.
மழையாக விழுவதா பனியாக விழுவதா என்று
வானம் முடிவெடுக்காத மாலை.
குடை கொண்டுவரவில்லை.
நல்ல சேலை கட்டலாமா என்று யோசித்து யோசித்து
கடைசியில் வேலைக்குப் போடும் ஜாக்கெட்டோடு
வந்து நின்றேன், தலை நனைந்து.

வாசலில் ஒரு பெடியன், காதில் வளையம்,
"விருந்தாளியா?" என்றான்.
"ஓம், விருந்தாளிதான்."
துவாய் ஒன்று, விரல் நீளத்தில் பற்பசை,
ஒன்பது என்று எழுதிய சாவி
எல்லாவற்றையும் என் கையில் வைத்தான்.
"சூப் ஆறரைக்கு.
சப்பாத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள்,
விடியுமுன் காய்ந்துவிடும்."

இங்கே படுக்க வருகிறவர்களையும்
விருந்தாளி என்றே சொல்வார்களாம்.
எனக்குத் தெரியாது.

திருத்தியிருக்கலாம்.
ஒரு வசனம் போதும், அந்தளவு டொய்ச் எனக்கு வரும்.
ஆனால் துவாய் இன்னும் சூடாக இருந்தது.
முதியோர் இல்லத்தில் தினம் இருநூறு துவாய் மடிக்கிறேன்.
மடித்த துவாயை இதுவரை எவரும்
என் கையில் தந்ததில்லை.

மேசையில் பன்னிரண்டு பேர்.
சுவரில் சிலுவை, அதன் கீழே தீயணைப்பு உருளை.
சகோதரி அன்னெரோஸ் செபத்துக்கு எழுந்தாள்.
சிலர் கை கோத்தார்கள். ஒருவன் போனைத் தடவினான்.
காலையில் பூசிய திருநீறு
நெற்றியில் மிச்சம் இருக்குமா என்று நான் நினைத்தேன்.
ஆமென் சொல்லாதவர்களின் கோப்பைக்கும்
அகப்பை அதே ஆழத்துக்குத்தான் போய் வந்தது.
கவனித்தேன்.
கவனித்ததற்கு வெட்கப்பட்டேன்.

பிறகுதான் சகோதரி பட்டியலைப் பார்த்தாள்.
"திருமதி இராசநாயகம்! உங்களுக்கு மேல்மாடி,
கேக் இருக்கிறது, தலைவர் காத்திருக்கிறார்..."
பெடியன் வளையம் வரைக்கும் சிவந்து போனான்.
சூப் முடியவில்லை என்றேன்.
முடியத்தான் இல்லை.

எதிரே இருந்தவர் சூர்புகன்.
இதே கட்டடத்தில் முப்பது வருடம் பல்சக்கரம் வெட்டியவர்.
இப்போது குளியலறை இருக்கிற மூலையில்
அவருடைய மேசை இருந்ததாம்.
"எவ்வளவு கொடுக்கிறாய்?" என்றார்,
இந்த நாட்டில் ஒருவரும் கேட்காத கேள்வியை.
"இருபது. மாதம்."
பாணைப் பிய்த்தபடி கணக்குப் போட்டார்.
"ஒரு படுக்கைக்கு ஒரு இரவு இருபது என்று
அறிவித்தல் பலகையில் எழுதியிருக்கிறார்கள்.
அப்படியென்றால் மாதத்தில் ஒரு இரவு உன்னுடையது.
எந்த இரவு?"

வாயில் வந்ததைச் சொன்னேன். பதினேழு.

"பதினேழு," என்றார்
கடிகாரமில்லாத மணிக்கட்டைப் பார்த்து.
"சரி. அன்றைக்கு உன் பேரில் தூங்குகிறேன்."

மேலே போனேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.
கூரை திருத்தப் போவதைப் படம் போட்டுக் காட்டினார்கள்.
நன்றி சொன்னார்கள், கை தட்டினோம், எங்களுக்கே.
சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.
துவாயை மறந்துவிட்டேன்.
மறந்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்,
பைக்குள் அது தானாக ஏறவில்லை.

இன்று பதினேழு.
பல்கனியில் மைனஸ் எட்டு.
அறைக்குள் அவர் குறட்டை விடுகிறார், அரைக் கட்டில் காலி.
குசினியில் விளக்குப் போடாமல் நிற்கிறேன்,
யாரோ என் வீட்டில் தூங்குவதுபோல
சத்தம் வராமல் தண்ணீர் குடிக்கிறேன்.
சப்பாத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பாரா?
ஒன்பதாம் கட்டிலில் இன்று யார்?

பதினெட்டு யாருடையது என்று
நான் கேட்காமல் வந்துவிட்டேன்.