நாற்பத்தொன்றில்

தேவகோட்டை கோர்ட்டுக்கு எதிர் மாடி,
வக்கீல் சிகப்பி அலுவலகம்.
கோட்டையூர் வீடு ஒன்றின் மூலப்பத்திரங்கள்
ஸ்கேன் செய்து ஆறு ஜிபி.
குமாஸ்தா சந்தியாகு மேசையிலிருந்து
உள்ளறை மேசைக்குப் போக வேண்டும்.
பதினாறு அடி தூரம்.

நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றுவிடுகிறது.
கோப்பு மட்டுமா நிற்கிறது?
மவுஸ் அம்பு
சுவரில் ஆணியடித்த பல்லி.
மூலைக் கடிகாரம் 11.07.
கேப்ஸ் லாக்கை அழுத்தினால்
விளக்குக்கூட எரியவில்லை.
எதிரே டவாலி யார் பெயரையோ
மூன்றாம் முறை கூப்பிட்டு முடித்துவிட்டார்.
இங்கே இன்னும் 11.07.

"நாலு நாளா இப்படித்தான் ரஹ்மத்தும்மா.
பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சுத்
தூங்க வைக்கிறோம்."

ரேமைக் கழற்றி
அழிரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
நாற்பத்தொன்று.
அணில் கடித்த கேபிளை வெட்டி
புதுத் தலை வைத்து நெறித்தேன்.
நாற்பத்தொன்று.
சுவிட்சில் ஐந்தாம் துளையிலிருந்து
இரண்டாம் துளைக்கு மாற்றினேன்.
முப்பத்தெட்டு.
(சந்தியாகு இதை முன்னேற்றம் என்று நினைத்தார்.)

பென் டிரைவில் போட்டால் ஆறு ஜிபியும் ஏறுகிறது.
வட்டில் குற்றமில்லை.
நாலு பக்க மனு நெட்வொர்க்கில் பறக்கிறது.
பிங் ஆயிரம் அனுப்பினேன், ஆயிரமும் திரும்பி வந்தன.
இருக்கியா என்றால் இருக்கேன் என்கிறது.
கனமாக ஒன்றைக் கையில் கொடுத்தால்தான்
கல்லாகிப் போகிறது.

"வீட்டில் முப்பத்தேழு புள்ளி" என்றார் சந்தியாகு,
தேன்குழல் தட்டை என் பக்கம் நகர்த்தி.
"முப்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டாச்சு.
ஈப்போக்காரர் ஒருத்தர்தான் பாக்கி.
மாட்டேன்னும் சொல்லலை அவர்.
போன மாசம் போன் போட்டப்போ
சரி சரின்னார்."
இரண்டாங்கட்டுச் சாவியும் அவரிடமாம்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன்.
நெட்வொர்க் கார்டின் டிரைவருக்கு
போன வியாழன் இரவு தேதி.
யாரும் கேட்கவில்லை,
யாரிடமும் சொல்லவில்லை,
தானே புதுசாகியிருக்கிறது.
பழையதுக்குத் திரும்பும் பட்டன்
சாம்பல் பூத்துக் கிடந்தது.

உள்ளே போனால் நீளமான பட்டியல்.
அதில் ஒரு வரி:
பெரிய மூட்டை வந்தால்
கணினி சிரமப்பட வேண்டாம்,
அப்படியே கார்டிடம் கொடுத்துவிடலாம்,
அதுவே பாகம் பிரித்து அனுப்பிக்கொள்ளும்.
வாங்கிக்கொண்டிருக்கிறது.
முடியாது என்றிருந்தால்
கணினி வேறு வழி பார்த்திருக்கும்.
வாங்கி வைத்துக்கொண்டு
சும்மா இருந்திருக்கிறது.
பதிலுக்காக மற்ற எல்லாமும்,
கடிகாரம் உட்பட,
கைகட்டி நின்றிருக்கின்றன.

என் பையில் பழைய டிரைவர் இருந்தது,
மூன்று வருஷத்துக்கு முந்தியது.
புதுசைப் பிடுங்கி அதை ஏற்றினேன்.
அந்த ஒரு வரியையும் அணைத்தேன்.
நீயே வெட்டி நீயே அனுப்பு என்று
கணினியிடமே விட்டேன்.

நாற்பது.
சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டார்.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.

நான்கு இருபதுக்கு முழுதும் போய்ச் சேர்ந்தது.
உள்ளறையில் சிகப்பி மேடம்
பத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டு
ஈப்போவுக்குப் போன் போட்டார்.
மணி அடிக்கும் சத்தம்
வெளியே எங்களுக்கும் கேட்டது.

மானிட்டர் ஓரத்தில் டேப் ஒட்டி
'டிரைவரை அப்டேட் செய்யாதீர்கள்' என்று எழுதினேன்.
பில்லில் ஒரே வரி: டிரைவர் கோளாறு, ஐந்நூறு.

காரைக்குடிக்கு ஸ்கூட்டியில் திரும்பும்போது,
அமராவதிபுதூர் தாண்டி,
உறுத்த ஆரம்பித்தது.
ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டேன்.
குணமாக்கியது டிரைவரா, அந்த வரியா?
ஒன்றைத் திருப்பி வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.
பார்க்கவில்லை.
நாற்பத்திரண்டைக் கண்டதும்
எனக்குக் கை வரவில்லை.