பச்சைப் பட்டை

புன்டா அரினாஸில் காற்றுக்கு ஷிஃப்ட் கிடையாது.
டிசம்பர் வந்தால் தெருமுனையில் கயிறு கட்டுகிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
கயிறு எட்டாதவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

இன்றைக்கு முதலில் திருமதி ஒஃபேலியா.
இடுப்பெலும்பு போயிற்று; ரொட்டிப் பை மட்டும் கையில் பத்திரம்.
"விழவில்லையம்மா,
தூக்கி வேறிடத்தில் வைத்தது."

மூன்றாம் எண் ஸ்ட்ரெச்சரில்தான் அவளைத் தள்ள வேண்டும்.
அதன் முன்சக்கரம் இடப்பக்கம்தான் போவேன் என்று அடம்.
நான்கு முறை எழுதிக் கொடுத்தேன்.
நான்கு முறையும் 'பெறப்பட்டது' என்று முத்திரை வந்தது,
சக்கரத்துக்கு ஒன்றும் வரவில்லை.
வலது தோளைக் கொடுத்துச் சாய்ந்து தள்ளினால் நேராகப் போகும்.
ஆறு வருடமாகச் சாய்கிறேன்.

கதவோர நாற்காலியில் சிகுவாய்.
கட்டைவிரலில் தூண்டில் முள், காங்ரியோ மீன் பிடிக்கிற பெரிய முள்.
மணிக்கட்டில் நான் ஒட்டிய பச்சைப் பட்டை.
பச்சை என்றால் சாகமாட்டாய், உட்கார் என்று அர்த்தம்.
அதைத்தான் மரியாதையாகச் சொன்னேன்.
"கடலில் இதைவிடக் காத்திருப்பேன்" என்றார்.

பத்து மணிக்கு மூச்சிரைக்கும் குழந்தை.
சின்ன மாஸ்க் ஒன்றே ஒன்று மிச்சம்.
நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரல்நுனிக்குத் தெரியும்;
தாய் என் விரலையே பார்க்கிறாள்,
அது நடுங்கினால் அவளுக்கும் தெரியும்.

பேனா ஏழு மணிக்கே டாக்டர் உர்சுவாவின் பைக்குள் போய்விட்டது.
எண்களை உள்ளங்கையில் ஒட்டிய பிளாஸ்டரில் எழுதுகிறேன்
திருமதி ரொட்டியின் பேனாவால்.

ஆட்டுமயிர் கத்தரிக்கிறவன், தொடையில் நான்கு தையல் தேவை,
கத்துகிறான்: "எனக்குப் பின்னால் வந்தவன் எப்படி முன்னால் போனான்?"
முன்னால் போனவன்
நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரியிலிருந்து வந்தவன்.
திரைக்குப் பின்னால் எங்கள் கைகள்
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தன.
நான் எண்ணுகிறேன், முப்பது, மறுபடி ஒன்றிலிருந்து.
விலாவெலும்பு உடைகிற சத்தத்துக்கு நிறுத்தக் கூடாது.
நாற்பதாவது நிமிடம் உர்சுவா கடிகாரத்தைப் பார்த்தார்.
பார்த்த விதத்திலேயே கையை எடுத்துவிட்டேன்.

சட்டைப்பையில் டயர் வாங்கிய ரசீது இருந்தது. இன்றைய தேதி.
எழுதி, உறையிலிட்டு, ஒட்டினேன்.
ஆறாம் படுக்கையைத் துடைத்தேன்.
ஈரம் காய்வதற்குள் தையல்காரன் ஏறிப் படுத்தான்.
அதன்பின் அவன் கத்தவில்லை.

எட்டு மணியிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பது
இரண்டு மணிக்கு ஞாபகம் வந்தது.
பாதி வழியில் மணி அடித்தது.
திரும்பினேன்.

ஐந்துக்கே விடிந்துவிடுகிற மாதம்.
சன்னலில் கடல் சாம்பலாகத் தெரிந்தபோது பச்சைப் பட்டையைக் கூப்பிட்டேன்.
மருந்து குத்தி, முள்ளை மறுபக்கம் தள்ளி,
கொக்கியை நறுக்க வேண்டும்.
நறுக்கும் கட்டரை ஜூலையிலிருந்து காணோம்.
சிகுவாய் இடக்கையால் ஜாக்கெட்டுக்குள் துழாவி
ஒரு குறடை எடுத்து நீட்டினார்.
உர்சுவா என்னைப் பார்த்தார்.
நான் தரையைப் பார்த்தேன்.
கழுவி, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன்.
குறடு எப்படிப் புதிதாய் மசகு மணக்கிறதென்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நிமிட வேலை. ஏழு மணிநேரக் காத்திருப்பு.
"முள்ளைக் கொடுத்துவிடு" என்றார். "நல்ல முள்."
"நுனி போயிற்றே."
"இருந்தாலும்."

அவர் போனபின் அறுவைப் பிரிவுக்குத் திருமதி ஒஃபேலியாவைத் தள்ளினேன்.
வழக்கப்படி வலது தோளைக் கொடுத்துச் சாய்ந்தேன்.
ஸ்ட்ரெச்சர் போய்
வலப்பக்கச் சுவரில் மோதியது.

"என்னம்மா, உள்ளேயும் காற்றா?" என்றாள்.
குனிந்து பார்த்தேன்.
முன்சக்கரத்தின் அச்சில் புது நரம்புக் கயிறு, கடல்காரன் முடிச்சு,
கொஞ்சம் கறுப்பு மசகு.
ஒற்றைக் கையால், காத்திருந்த நேரத்தில்.

நேராக நிற்க முயன்றேன்.
தோள் கேட்கவில்லை.
அறுவைப் பிரிவு வரை
இரண்டு முறை சுவரில் இடித்தேன்.