ஜூலை பதினைந்துக்கு முன் வராதீர்கள்

மார்ச்சில் இங்கே தொலைபேசி மட்டும்தான் பூக்கும்.
மேற்கு மான்டானா, வனத்துறை அலுவலகம்.
கூரையிலிருந்து சறுக்கி விழுந்த பனி
ஜன்னலைப் பாதி மூடியிருக்க
நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்:

ஆமாம், கரடி திறக்க முடியாத டப்பா கட்டாயம்.
நாய் வரலாம், கயிற்றோடு.
இல்லை அம்மா, ஏரியில் சிக்னல் கிடையாது,
பாதிப் பேர் அதற்காகத்தான் போகிறார்கள்.
கணவாயில் இன்றைக்கு எட்டடி.
எப்போது உருகும் என்பது பனிக்குத்தான் தெரியும்.
ஜூலை பதினைந்துக்கு முன் வராதீர்கள்.

ஆர்லன் பிக்கெட்
வருஷா வருஷம் மார்ச் முதல் திங்கள்
ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்குக் கூப்பிடுவார்.
நெப்ராஸ்காவில் தானியக் கிடங்கொன்றில் எடை போடுகிறவர்.
அந்தக் கிடங்குதான் எங்கள் ஊர் மலை
என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார்.
வரைபடத்தின் நான்கு மூலைக்கும்
நான்கு காபிக் கோப்பை வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் நாள் ஓடை வரை.
மறுநாள் கணவாய்.
அதற்கும் மறுநாள் ஏரி.
உயரக் கோடுகளில் விரலால் ஏறி
எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கும் என்பதுவரை கேட்பார்.
எட்டாம் வளைவில் விழுந்த லார்ச் மரத்தை
அறுத்தாகிவிட்டதா என்று
அவர்தான் எனக்கு நினைவுபடுத்துவார்.

பதினோரு வருஷம். ஒருமுறைகூட வந்ததில்லை.
ஒரு வருஷம் மகள் கல்யாணம்.
ஒரு வருஷம் காட்டுத்தீ, பாதையை நாங்களே மூடினோம்.
மற்ற வருஷங்களுக்கு அவர் காரணம் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இந்த மார்ச்சில் ஒன்பது இரண்டு வந்து போனது.
பத்து மணி.
பதினொன்றரைக்கு அடித்தது.
காகிதச் சரசரப்பு இல்லை.
"ஒரே ஒரு கேள்வி, லவோனா.
காரைவிட்டு இறங்காமல்
அந்த ஏரியைப் பார்க்கிற மாதிரி இடம் உண்டா?"

இல்லை.
இல்லை என்று எனக்குத் தெரியும்,
இருபத்தாறு வருஷமாக இதே மேசை.
இருந்தும் "கொஞ்சம் இருங்கள்" என்று
என் வரைபடத்தை விரித்தேன்.
ஒரு மூலைக்கு ஸ்டேப்ளர், ஒன்றுக்குப் பிளாஸ்க்,
ஒன்றுக்கு முத்திரைக் கட்டை,
நாலாவதற்கு என் முழங்கை.

மரம் ஏற்றிய லாரிகள் எப்போதோ போன சாலை,
கேட் போட்டுப் பூட்டியது,
தென்சரிவில் சுற்றிச் சுற்றி ஏறி
திடீரென்று நின்றுவிடுகிறது.
அங்கிருந்து ஒரு சுண்டுவிரல் கீழே நீலம்.
மரங்கள் மறைக்கும்.
அந்தத் தீயில் அவை எரிந்துபோயிருந்தால்?
தீயை நம்பி ஏதோ ஒன்றை வேண்டிக்கொண்டது
எனக்கு அதுதான் முதல் தடவை.

"பூட்டுக்குச் சாவி என்னிடம் இருக்கிறது" என்றேன்.
அந்தப் பக்கம் பேனா மூடி கழன்ற சத்தம்.
"ஜூலை பதினைந்துதானே?"
பள்ளிப்பிள்ளை போல அவரே ஒப்பித்தார்.
இடையில் ஒரு மூச்சு வாங்கினார்,
எந்தத் திருப்பமும் இல்லாத இடத்தில்.

"ஜூன்" என்றேன்.
"ஜூன் முதல் வாரம் வாருங்கள்.
தென்சரிவில் பனி சீக்கிரம் போய்விடும்.
போகாவிட்டால்
மண்வெட்டி இருக்கிறது."